இவர் இல்லாம ஓடாது

வீரபத்திரன் அரக்கோணத்தில் வைத்து ஒரு சபதம் செய்தார்.

"இன்னும் மூணே மாசம்! அதுக்கப்புறம் இந்த ரயில் மூஞ்சியில நா முழிக்கமாட்டேன்!"

நின்றுகொண்டுதான் செய்தார். உட்கார இடமில்லை. ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் யாரோ ஒரு புண்ணியவானின் செருப்பு மேல் இருந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியில் தினம் நாலு பேராவது இதே சபதத்தைச் செய்வார்கள். மறுநாள் அதே கம்பியில் தொங்குவார்கள்.

பேர்தான் வீரபத்திரன். ஆள் பரம சாது. வீடு திருத்தணியில், வேலை அம்பத்தூரில். மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் டிஸ்பாச் செக்‌ஷன் ஹெட் கிளார்க். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஆறு மணி ரயிலைப் பிடித்து, ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்புகிற ஜீவன். ஒரு நாள் வண்டி திருவாலங்காட்டில் முக்கால் மணி நேரம் படுத்துக்கொண்டபோது, பொழுது போகாமல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராப்பகலாக மூன்று வருஷம் ரயிலுக்குள்ளேயே போயிருந்தது. செயின் அறுத்து ஜெயிலுக்குப் போனவன்கூட அதற்குள் வெளியே வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பான். அன்றைக்கு மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவர் காதில்தான், இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் சித்திரை மாசத்தில், கனகம்மாசத்திரம் என்ற பேர் தேனாக விழுந்தது. திருப்பதி ரோட்டின் மேலேயே கம்பெனி ஒரு டிபோ திறக்கப் போகிறதாம். ஆடி கழிந்ததும் திறப்பு. அதற்கு ஒரு இன்சார்ஜ் வேண்டுமாம்.

கனகம்மாசத்திரம்! வீட்டு வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்தால் அரை மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிடலாம். ஒரு குட்டித் தூக்கம்கூடப் போடலாம். 'சம்பளம் ஏற வேணாம் முருகா, சத்திரத்தை மட்டும் குடு' என்று ரயில் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குறுக்கே வந்தார் ஸ்ரீதர். பெங்களூரிலிருந்து வந்த புது மேனேஜர். வயசு முப்பத்திரண்டு. எதையாவது மாற்றாவிட்டால் ராத்திரி தூக்கம் வராத வியாதி அவருக்கு. வந்த மாசமே எல்லாரையும் கேன்டீனில் கூட்டி நிறுத்தினார்.

"இனிமே சர்க்குலர் கிடையாது. மெமோ கிடையாது. எல்லாமே கூடம்!"

"எந்தக் கூடம் சார்?" என்றார் வீரபத்திரன்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கூடம். நம்ம கம்பெனிக்காரங்களுக்கு மட்டும். ஆளுக்கு ஒரு பக்கம். உங்க போட்டோ போடுங்க. மனசுல தோணறதை எழுதுங்க. வீட்டுல இருந்தும் எழுதலாம், தமிழ்லயும் எழுதலாம். ஓசூர்ல இருக்கறவர் அம்பத்தூர்ல இருக்கறவரோட நட்பாகணும். தெரிஞ்சதைப் பகிர்ந்துக்கணும். பேசணும், பழகணும்!"

"வேலை நேரத்துலயா சார்?"

"வேலை நேரத்துலதான்!"

வீரபத்திரனுக்குத் தலை சுற்றியது. வேலை நேரத்தில் பேசியதற்காக அதே கம்பெனியில் ஏழு மெமோ வாங்கியவர் அவர்.

"இன்னொண்ணு," என்றார் ஸ்ரீதர். "சத்திரம் டிபோவுக்கு ஆள் எடுக்கறதும் கூடத்தை வச்சுத்தான். ஒருத்தரைப் பத்தி மத்தவங்க என்ன சான்று எழுதறாங்கன்னு பார்ப்பேன். ஆடி முடியறதுக்குள்ள முடிவு."

சான்று! இருபத்திரண்டு வருஷமாக வீரபத்திரன் பார்சலுக்குத்தான் சான்று கொடுத்திருக்கிறார். அவருக்கு யார் கொடுப்பார்கள்? பக்கத்து சீட்டு ஆனந்தனைத் திரும்பிப் பார்த்தார். ஆனந்தனுக்கு வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே. எட்டு வருஷமாக 'ம்' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறொரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

"இன்னா ஆனந்தன், எனக்கு ஒரு சான்று எழுதுவியா?"

"ம்," என்றார் ஆனந்தன்.

அன்று ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், மனைவியிடம் சேதியைச் சொன்னார்.

இங்கே அம்சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிறந்த ஊர் பள்ளிப்பட்டு. வீரபத்திரனுக்கு அத்தை மகள். கோபம் வந்தால் அவரை 'ஏங்க' என்பாள். காரியம் ஆகவேண்டும் என்றால் 'பாவா' என்பாள். திருத்தணி, முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் என்கிறார்கள். அந்தத் தகவலை அம்சாவிடம் யாரும் சொல்லவில்லை.

காலை ஆறு மணிக்கு மேல் அந்த வீடு அவளுடைய ராஜ்ஜியம். பதினொரு மணிக்குத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஹாலில் உட்காருவார்கள். பக்கத்து வீட்டு பார்கவி முதலில் வருவாள். அவள் புகுந்த வீட்டார் மலைக் கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறவர்கள். யார் வீட்டில் பெண் இருக்கிறது, எந்த மண்டபம் காலி, தாலுக்கா ஆபீசில் எந்த கிளார்க் நல்லவன், எல்லாம் அங்கே பேசி முடிவாகும். வீரபத்திரனுக்கு இதில் பாதி தெரியாது. மீதியைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் போன வருஷம் வம்பு வந்தது.

போன வருஷம் அவருக்கு சிக்குன்குனியா. இருபது நாள் வீட்டோடு கிடந்தார். மூட்டுக்கு மூட்டு வலி, ஆனால் கண்ணுக்கும் வாய்க்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள், சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினார். ஐந்தாம் நாள், ரசத்துக்கு எத்தனை மிளகு என்று கேட்டு எழுதி வைத்தார். எட்டாம் நாள், ஹால் வாசலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார். பெயர், வந்த நேரம், வந்த காரணம், போன நேரம். டிஸ்பாச் புத்தி எங்கே போகும்? பார்கவி காரணம் என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதினாள். "சும்மான்னா எந்த வகையில சும்மா?" என்று வீரபத்திரன் விவரம் கேட்டார். மறுநாளிலிருந்து ஹாலுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

இருபத்தோராம் நாள் அவர் மறுபடி ரயில் ஏறியபோது, அம்சா மலைப்படி அத்தனையும் ஏறிப் போய் மொட்டை போடாத குறையாக முருகனைக் கும்பிட்டு வந்தாள். தன் உடம்பு தேறியதற்கான வேண்டுதல் என்று நினைத்து வீரபத்திரன் கண் கலங்கினார்.

அந்த மனுஷன்தான் இப்போது சொல்கிறார்:

"அம்சா! சத்திரத்துல டிபோ வருது. நாந்தான் இன்சார்ஜு. கெடைச்சிட்டா மத்தியானம் சாப்ட வூட்டுக்கு வந்துடுவேன்!"

அம்சாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"தெனமுமா?"

"தெனமும்!"

"சாப்ட்டுட்டு போயிடுவீங்க இல்ல?"

"ஒரு தூக்கம் போட்டுட்டு போவேன். சாயந்திரம் அஞ்சுக்கெல்லாம் வந்துடுவேன். இத்தினி வருஷமா தனியா கஷ்டப்பட்டுகினு இருக்கியே, இனிமே கூடமாட நா இருக்கேன். அந்த ஹால்ல கூட்டம் கூடறத ஒரு ஒழுங்குக்கு கொண்டாந்துடலாம்."

அம்சா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நா இன்னா பண்ணணும் பாவா?" என்றாள்.

வீரபத்திரன் உருகிவிட்டார். எப்பேர்ப்பட்ட மனைவி!

கல்யாணமாகி நெல்லூருக்குப் போன மகளின் கம்ப்யூட்டர் ஹால் மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது. அம்சா கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். வீரபத்திரனுக்கு 'ழ' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல அம்சா கூடத்தில் எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார்கள்.

"எழுது. 'உழைப்பே உயர்வு தரும். காலம் பொன் போன்றது.'"

"இத யாரு படிப்பா?"

"நீ எழுது."

எழுதினாள். ஒரு வாரத்துக்கு யாரும் சீந்தவில்லை. ஓசூர் தொழிற்சாலையிலிருந்து கங்காதரன் என்று ஒருவர் மட்டும் 'நன்றி, மணி எத்தனை?' என்று போட்டிருந்தார். கூடத்தில் வீரபத்திரனுக்கு இருந்த நட்பு மொத்தம் இரண்டு. ஒன்று ஆனந்தன். இன்னொன்று கேன்டீன்காரர், அவர் கம்பெனியில் எல்லாருக்கும் நட்பு.

ஆடி பிறந்துவிட்டது. வீரபத்திரன் பக்கத்தில் ஒரு சான்றுகூட இல்லை. அந்தச் சமயம் பார்த்து ஸ்ரீதர் தன் பக்கத்தில், 'தமிழ்நாட்டு ஊர்த் திருவிழா ஒன்றாவது பார்க்க வேண்டும்' என்று எழுதி வைத்தார். வீரபத்திரனுக்குள் பல்பு எரிந்தது. ஆடிக் கிருத்திகை! மேனேஜரை மட்டும் தனியாக அழைத்து, நல்ல தரிசனம் பண்ணி வைத்து, வாழையிலையில் சாப்பாடு போட்டால் டிபோ எங்கே போகும்?

இதற்கு அம்சாவை எதற்குக் கேட்க வேண்டும்? வீரபத்திரன் வெள்ளிக்கிழமை ஆபீசிலேயே, தன் ஒற்றை விரலாலேயே, ஒன்றேகால் மணி நேரம் பாடுபட்டு எழுதினார். 'ஐயா, ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்துடன் திருத்தணி வரவும். காவடி எடுப்பதானாலும் எடுக்கலாம். தங்க இடம், சாப்பாடு நம் வீட்டில். மறுக்காமல் வரவும்.' எழுதிவிட்டு அனுப்பும் இடத்தில் பார்த்தார். 'ஒருவருக்கு' என்று ஒரு பொத்தான். 'கூடத்துக்கு' என்று ஒரு பொத்தான். கூடத்தில்தானே எழுதுகிறோம் என்று இரண்டாவதை அமுக்கினார். அமுக்கிய கையோடு ஆறரை மணி ரயிலுக்கு ஓடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்சா கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"ஏங்க."

'ஏங்க' என்றதுமே வீரபத்திரனுக்குப் பாதி உயிர் போயிற்று.

"இன்னா அம்சா?"

"யாரயாவது கூப்ட்டீங்களா?"

"மேனேஜர. ஒருத்தர. கிருத்திகைக்கு."

"ஒருத்தரா? இங்க வந்து பாருங்க. ஓசூரு, கோயமுத்தூரு, பெங்களூரு, விஜயவாடா. நூத்தி பதினெட்டு பேரு 'வர்றோம்'னு போட்டுகினு இருக்காங்க. ஓசூர்ல இருந்து தனி பஸ்ஸாம். அந்த கங்காதரன் மாமியாரயும் இட்டாறாராம்!"

வீரபத்திரன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டர் வீரபத்திரனைப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே நூற்றுப் பத்தொன்பதாவது ஆள் வந்தார்.

"அம்சா, கேன்சல்னு எழுதிடு. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுது. செத்துட்டேன்னு வேணா எழுது!"

"சும்மா இருங்க. காவடி எடுக்க வாங்கன்னு கூப்ட்டீங்க. பதினாறு பேரு மாலை போட்டாச்சாம். மாலை போட்டவன வராதேன்னு சொல்றதா? வம்சம் வெளங்குமா?"

அவள் சொன்னது நியாயம்தான். திருத்தணிக்காரன் எவனுக்கும் இது தெரியும். கிருத்திகையன்று காவடியோடு ஒருவன் வாசலில் வந்து நின்றால், அவன் யார், என்ன உறவு என்று கேட்கக்கூடாது. முகமே தெரியாதவனானாலும் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து இலை போட வேண்டும். கூப்பிட்டு வந்தவனை விரட்டினால் ஊர் காறித் துப்பும். மேனேஜர் கண்ணெதிரில் அது நடந்தால் டிபோ அத்தோடு போச்சு.

வீரபத்திரன் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நா கெட்டேன் அம்சா. நா ஒழிஞ்சேன். ரயில்லயே சாவப்போறேன்."

அம்சா சேலையை இடுப்பில் செருகினாள்.

"பாவா, நா பாத்துக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன். கிருத்திகை அன்னிக்கு நீங்க வாய தொறக்கக்கூடாது. யாரு வந்தாலும் நா பேசிக்கறேன்."

"சான்று?"

"அதயும் நானே வாங்கித் தர்றேன். போதுமா?"

அன்று பதினொரு மணிக்கு ஹாலில் பெண்கள் கூடினார்கள். வீரபத்திரன் உள்ளறையில் படுத்தபடி காது கொடுத்தார். ஒரு மணி நேரம்தான். பார்கவியின் மாமனார் தலைமையில் சமையல். பந்தல்காரர் முனியன், பேத்தி வரன் விஷயத்தில் அம்சாவுக்குக் கடமைப்பட்டவர். பந்தல் அவர் பொறுப்பு. பின்தெருக் கல்யாண மண்டபம், பாய் தலையணையோடு மூன்று நாள். கோயில் வரிசைக்கு ஒரு ஆள். ஓசூர் பஸ் நிறுத்த ஒரு களம். அம்சா எழுந்துகூட நிற்கவில்லை. இடையில் முருங்கைக்கீரை வேறு ஆய்ந்தாள். இந்த ஸ்ரீதர் லட்ச லட்சமாகக் கொட்டி எதைக் கட்டினாரோ, அது தன் வீட்டு ஹாலில் இருபது வருஷமாக ஓடிக்கொண்டு இருப்பது வீரபத்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டுக் கட்டித் தொங்கவிட்டதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கிருத்திகை வந்தது. தெருவெல்லாம் மஞ்சள் துணி, காவடி, மேளம். 'அரோகரா' சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. விடிகாலையிலேயே வீரபத்திரன் கையில் அம்சா ஒரு பலகையைக் கொடுத்தாள். 'கூடம் குடும்பத்தார் இவ்வழி' என்று எழுதியிருந்தது.

"ஸ்டேஷன்ல போயி நில்லுங்க. ஒவ்வொரு வண்டியும் வரும்போது தூக்கிப் புடிங்க. பேசாதீங்க."

நின்றார். பாவம், நாள் முழுக்க நின்றார். கூட்டத்தில் யார் கூடத்துக்காரர், யார் கூட்டத்துக்காரர் என்று தெரியாமல், பலகையைப் பார்த்து வந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார். மத்தியானம் ஒரே ஒரு தடவை சாப்பிட வந்தார். பந்தலில் ஸ்ரீதர் சப்பணம் போட்டு உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை வழித்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் ஆனந்தன், அவர் மனைவி. சுற்றி முப்பது பேர். அம்சா கையில் நெய்க் கிண்ணத்தோடு ஏதோ சொல்லிக்கொண்டு இருந்தாள், எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். வீரபத்திரனைக் கண்டதும் பேச்சு நின்றது.

"பாவா, அடுத்த வண்டி வந்துடுச்சி போல," என்றாள் அம்சா.

அரை வயிற்றோடு ஓடினார்.

திங்கட்கிழமை முதல் சான்றுகள் கொட்டின. அம்சா படிக்க, வீரபத்திரன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"'வீரபத்திரன் சார் இல்லாத அம்பத்தூர் ஆபீஸ், உப்பில்லாத சாம்பார். இவர் இல்லாம ஒரு நாள் ஓடாது.' இது கங்காதரன்."

"நல்ல மனுஷன்!"

"'சார் கேட்டுக்குள்ள வந்தாதான் கம்பெனிக்கே உயிர் வருது. இவர் இல்லாம ஓடாது.' வாட்ச்மேன்."

"அடடா!"

"'இவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், ரயில்வே ஸ்டேஷனில், பலகையோடு. இருந்தாலும் இவர் இல்லாம அம்பத்தூர் ஆபீஸ் ஓடாதுன்னு பார்த்ததுமே தெரிந்தது.' விஜயவாடாவுல யாரோ."

"இன்னா அன்பு பாரு அம்சா!"

ஆனந்தன்கூட எழுதியிருந்தார். 'ம். ஓடாது.'

மொத்தம் நூற்று ஒன்பது சான்று. வேறு யாருக்கும் ஒன்பதுகூட இல்லை. ஆனந்தனுக்கு ஒன்றுமே இல்லை. வீரபத்திரன் டிவிஎஸ் ஃபிஃப்டியைக் கொண்டுபோய் சர்வீஸ் விட்டார். மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு புதுத் தலையணை வாங்கினார். ரயில் நண்பர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்து, கட்டிப்பிடித்து விடைபெற்றார். ஒருவர் அழுதார்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை ஸ்ரீதர் கூப்பிட்டனுப்பினார். வீரபத்திரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். ஆனந்தன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"வீரபத்திரன் சார்! நான் மனுஷங்களைப் படிக்கத் தெரிஞ்சவன்னு நினைச்சிருந்தேன். உங்களைத் தப்பாப் படிச்சுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"உங்களைத்தான் சத்திரத்துக்கு அனுப்பறதா இருந்தேன். ஆர்டர்கூட அடிச்சாச்சு."

'இருந்தேன்' என்ற சொல் வீரபத்திரன் காதுக்குள் போய் அப்படியே நின்றது.

"அப்புறம்தான் சான்றைப் படிச்சேன். நூத்தி ஒன்பது பேர்! நீங்க இல்லாம இந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடாதுன்னு ஒரே குரல்ல சொல்றாங்க. அப்படிப்பட்டவரைத் தூக்கி ரோட்டோர டிபோவுல போட்டா, என்னை எவன் மதிப்பான்? ஆர்டரைக் கிழிச்சுட்டேன்!"

"சார், ஓடும் சார்! நா இல்லன்னாலும் ஓடும்! இன்னும் நல்லா ஓடும்!"

"பாருங்க, இந்த அடக்கம்தான். கூடம் முழுக்கக் கவனிச்சுக்க ஒரு ஆள் தேவை. நீங்கதான். எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வரணும், சனிக்கிழமையும் இருக்கணும். நீங்க இல்லாம ஓடாதே!"

"அப்ப... சத்திரம்?"

"ஆனந்தன் சாரை அனுப்பறேன். அவர் இல்லைன்னா இங்க எதுவும் நிக்காதுன்னு தெரியுது. ஒரு சான்றுகூட இல்லையே."

ஆனந்தன் வீரபத்திரனை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினார்.

"எனக்கு வீடு இங்கதானே சார் இருக்குது?"

அன்றைக்கு ரயிலில் வீரபத்திரனுக்கு உட்கார இடம் கிடைத்தது. மைசூர்பாகு தின்ற கூட்டம் நகர்ந்து இடம் விட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர் பையிலிருந்து சான்றுகளை எடுத்தார். கண்ணாடி போட்டு மாட்டுவதற்காக அச்செடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். நூற்று ஒன்பது பேர், ஒரே வாக்கியம். பட்டாபிராம் தாண்டும்போது சந்தேகம் வந்தது. திருவள்ளூரில் உறுதியானது.

எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தார்.

"அம்சா, அவங்ககிட்ட இன்னா சொன்ன?"

"யார்கிட்ட?"

"நூத்தி ஒம்பது பேர்கிட்ட."

"சாம்பார் போதுமான்னு கேட்டேன்."

"அப்பறம்?"

"உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுங்கன்னேன். நீங்கதானே கேட்டீங்க?"

"ஓடாதுன்னு எழுதச் சொன்னியா?"

அம்சா மடித்துக்கொண்டு இருந்த துணியை மடித்து முடித்தாள். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஆங். சொன்னேன்."

"நா வூட்ல இருக்கறது உனக்கு அவ்ளோ பாரமா அம்சா?"

"பாரம்னு யாரு சொன்னது பாவா? இருவத்திரண்டு வருஷமா எட்டரைக்கு உங்க செருப்பு சத்தம் கேட்டா, செய்யறத போட்டுட்டு வாசலுக்கு வர்றேன் இல்ல? இன்னிக்கும் சந்தோஷமாத்தான் இருக்குது. நாள் பூரா உங்கள பாத்துகினு இருந்தா, எட்டரைக்கு எதுக்கு நா எழுந்து வருவேன்? அந்த இருவது நாளு நா பட்ட பாட்ட முருகனத்தான் கேக்கணும். எனக்கு நீங்க வேணும். ஆனா எட்டரைக்கு வேணும்."

வீரபத்திரனுக்கு அவள் சொன்னதில் ஒரு பாதி கௌரவமாக இருந்தது. மறு பாதியை நினைத்தால் அழுகை வந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

எல்லாருக்கும் முன்னால் போவதென்றால் இனி ஆறு மணி ரயில் உதவாது, அதற்கு முந்தின வண்டி. திங்கட்கிழமை இருட்டு பிரியுமுன் சாப்பாட்டுப் பையோடு கிளம்பினார். வாசலில் ஒரு லாரி நின்றது. மாடிப்படியில் பீரோவும் கட்டிலும் பாதி ஏறியிருந்தன. மாடி போர்ஷன் ஒரு வருஷமாகக் காலியாகத்தான் கிடந்தது.

"யாருது அம்சா இது?"

"ஆனந்தன் சாரு குடும்பம். நேத்து நீங்க முடிவெட்டப் போயிருந்தப்ப வந்து பேசினாங்க, ராத்திரி நீங்க தூங்கினப்பறம் சாமானோட வந்து சேந்தாங்க. சத்திரத்துக்கு இங்கயிருந்து போறதுதான் சௌகரியமாம். ஒம்பது மணிக்கு கெளம்புனா போதுமாம். மத்தியானம் சாப்ட வந்துடுவாராம்."

"அந்தாளு நாள் பூரா வூட்ல இருந்தா உனக்குப் பரவால்லியா?"

"அவங்க பொண்டாட்டி பாடு அது. எனக்கு இன்னா?"

வீரபத்திரன் மாடியை அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் வழியாக ஒரு குறட்டை சுகமாக இறங்கி வந்தது. எட்டு வருஷமாக 'ம்' என்றே பேசிய மனுஷன், தூக்கத்தில் வாய் ஓயாமல் பேசினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீரபத்திரன் கேட்டைத் திறந்தார். பின்னாலேயே வாசல்வரை வந்த அம்சா, உதட்டில் விரலை வைத்துச் சொன்னாள்:

"சத்தம் போடாம சாத்திட்டுப் போங்க, டிபோ இன்சார்ஜு தூங்கறாரு."